மூன்றாவது டிஸ்க்

அந்த மழைக்காலத்தில் நான்கு முறை மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு ஏறினேன். நான்கும் ஒரே சர்வருக்காக. மலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சிறிய அலுவலகம் ஒன்று அங்கே இருக்கிறது. யார் காட்டில் என்ன விதை இருக்கிறது என்ற பதிவெல்லாம் அந்த சர்வரில்தான். மூன்று டிஸ்க்குகளை மென்பொருளால் ஒன்றாகக் கோத்துக் கொடுத்தவன் நான். ஒன்று கெட்டாலும் எதுவும் அழியாது என்று பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஆனால் மின்சாரம் போய் வந்தால் சர்வர் எழாது. கறுப்புத் திரையோடு நின்றுவிடும். அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட பெண், அதே மலையில் எடப்புளி நாடு என்ற ஊர்த்தொகுதியைச் சேர்ந்தவர், போன் செய்வார்.

"ஏனுங்க சார், மறுக்காவும் எந்திரிக்கலீங்க."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

"ரெண்டு தடவ பண்ணிட்டனுங்க."

அடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறுவேன். வளைவுக்கு வளைவு கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போவேன். போய்க் கீபோர்டில் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒழுங்காக வந்துவிடும். பத்து முறை கொடுத்தாலும் வரும். எதையாவது மாற்றியமைத்துவிட்டு இறங்குவேன். அடுத்த மழைக்கு அடுத்த போன்.

நான்காம் முறை நாற்காலியை விட்டு எழக்கூடத் தெம்பில்லை. அந்தப் பெண் டீயை வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கரண்ட் போனாத்தானுங்க இப்படி ஆகுது. நீங்க ஒருக்காகூடக் கரண்டப் புடுங்கிப் பாக்கலீங்களே?"

எனக்குச் சுருக்கென்றது. பதிவுகளுக்கு நகல் எடுத்துவிட்டு ஒயரைப் பிடுங்கினேன். டீ குடித்து முடித்து மறுபடி செருகினேன். இரண்டு டிஸ்க்குகள் உடனே சுழன்றன. மூன்றாவது முனகி, நின்று, மெதுவாகத்தான் கிளம்பியது. அதற்குள் மற்ற இரண்டை மட்டும் பார்த்த சர்வர், பதிவுகள் பத்திரமாக இருந்தும், ஆள் குறைகிறது என்று டிஸ்க்குகளைக் கோக்காமல் நின்றுவிட்டது. நான் ரீஸ்டார்ட் செய்தபோதெல்லாம் மூன்றும் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தன. அதனால்தான் என் கண்ணில் படவே இல்லை.

மூன்றும் வரும்வரை காத்திருக்கச் சொல்லித் தொடக்கக் கோப்பில் எழுதினேன். பிறகு ஐந்து முறை ஒயரைப் பிடுங்கினோம். ஐந்து முறையும் எழுந்தது.

"நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"மொத நாளே சொன்னனுங்க. நீங்க டைப் அடிச்சுட்டு இருந்தீங்க."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பஸ்ஸில் ஏறி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தேன். எந்த வளைவும் தெரியாமல் அடிவாரம்வரை தூங்கிப்போனேன்.