நாலாம் நம்பரின் குரல்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நான் மணி சொன்னால், எழுந்துபோய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வருகிறவள் என் மனைவி. நான் சொல்லும் மலைப்பாம்புக் கதையில் போன வருடம் பாம்பு பதினெட்டு அடி, இந்த வருடம் இருபத்திரண்டு. செத்த பாம்பு வளர்ந்துகொண்டிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் ஓர் அங்குலம்கூடக் கூட்டவில்லை. கூட்டுவதற்குத் தைரியம் வரவில்லை.

1998, மார்ச் 27, வெள்ளிக்கிழமை. மாலை 6.52 முதல் 7.09 வரை. மொத்தமே பதினேழு நிமிடம்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. குஜிலியம்பாறைக்கு மேற்கே ஓணாங்கரடு என்று மரமில்லாத ஒரு மொட்டைக் குன்று. பிப்ரவரி முதல் மே வரை அதில் தீ விழும். பீடித் துண்டு போதும், ஆளுயரப் புல் அப்படியே பற்றிக்கொண்டு ஓடும். அந்த நாலு மாதத்துக்கு மட்டும் தீயணைக்க எங்கள் ஆறு பேரைக் கூலிக்கு வைத்திருந்தார்கள். மேலே ஒரு வனக்காவலர், மதியழகன் சார். ஆயுதம் என்றால் அரிவாள், மண்வெட்டி, பச்சைத் தழை. தழையை ஒடித்து அடித்து அணைக்க வேண்டும். தண்ணீர் நாங்கள் குடிக்கவே பற்றாது.

பெரிய தீ வந்தால் தழை உதவாது. அதற்கு எதிர்த்தீ. குன்றின் அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, பன்னிரண்டடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் தரையாக ஒரு கோடு வைத்திருப்போம். தீ இறங்கி வரும்போது, கோட்டின் ஓரத்துப் புல்லில் நாங்களே ஒரு தீயை வைத்து, வருகிற தீயை நோக்கி அனுப்புவோம். இரண்டும் மோதினால் எரிவதற்கு ஒன்றும் மிஞ்சாது, அணைந்துவிடும். இரண்டு தீக்கும் நடுவில் ஆள் மாட்டினால் அவனும் மிஞ்ச மாட்டான். அதனால் எதிர்த்தீ வைக்கும் முன் எண்ணிக்கை உண்டு. சார் "எண்ணு" என்பார். ஒன்று முதல் ஆறு வரை, கோட்டில் நின்ற இடத்திலிருந்தே அவரவர் நம்பரைச் சொல்ல வேண்டும். புகையில் ஆள் முகம் தெரியாது. குரல்தான் ஆள்.

ஒன்றாம் நம்பர் நான். தீப்பெட்டி என்னிடம்தான் இருக்கும். ரெண்டு ஒச்சாயி. ஆம்பிளைகளைவிட வேகமாகப் புல் செதுக்குவாள், அதைச் சொல்லியும் காட்டுவாள். மூணு சோலைமலை. நாலு சூசை. அஞ்சும் ஆறும் பாளையம் பக்கத்து அண்ணன் தம்பி.

எண்ணிக்கையில் குரல் வராத ஆளின் பெயரைச் சார் குறித்துக்கொள்வார். இரண்டு முறை குறித்தால் வேலை போச்சு. சூசையை ஏற்கெனவே ஒருமுறை குறித்திருந்தார். அவன் என்ன செய்வான்? தவக்காலம் வந்துவிட்டது. அவன் மனைவி சகாயராணிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தங்காமல் போய், மூன்றாவதாக ஆறு மாதம். ஏழு வெள்ளியும் கோயிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு வருகிறேன் என்று நேர்ந்திருந்தான். மாலை ஆறு மணிக்குச் சிலுவைப்பாதை. கோயில் குன்றுக்கு வடக்கே இரண்டு மைல்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு அவன் நழுவுவான். எண்ணிக்கை வந்தால் அவனுக்குப் பதில் நான் சொல்வேன்.

எனக்கு எல்லார் குரலும் வரும். சூசை 'நாலு' என்பதைப் பாட்டின் கடைசி வரி மாதிரி கொஞ்சம் இழுத்துச் சொல்வான். நான் அதை இன்னும் கொஞ்சம் இழுத்து, கடைசியில் மூக்கால் முடிப்பேன். அசல் தோற்றுவிடும். ஒச்சாயி ஒருநாள், "அண்ணே ஒருத்தரே போதும். நாங்க அஞ்சு பேரும் வீட்ல இருந்துக்கிறோம்" என்றாள். இதில் தப்பு இருப்பதாக எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஊரில் இருக்கிறவனைக் காட்டுத் தீ என்ன செய்துவிடும்?

அது ஐந்தாவது வெள்ளி.

5.40க்குக் குன்றின் உச்சியில் புகை. நாங்கள் கோட்டுக்குப் போய்ச் சேர 6.30. மேற்கே இருந்து காற்று. தீ ஒரு பர்லாங் அகலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால், அடிவாரத்தில், முப்பத்திரண்டு ஓலைக் குடிசைகள். எங்களுக்கு முன்னால் ஓர் ஓடைப்பள்ளம். தண்ணீர் கிடையாது, காய்ந்த புல்தான். பள்ளத்துக்கு அப்பால் சரிவு. சரிவு முழுக்கத் தீ.

சார் பார்த்தார். எதிர்த்தீதான் என்றார். இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காது என்றார்.

எல்லாரும் இருமிக்கொண்டிருந்தோம். அந்தப் புகையில் இருமாமல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. இருட்டும் புகையும் ஒன்றாகிவிட்டன. ஒச்சாயி என்னிடமிருந்து ஆறடி. அவள் முந்தானையின் வெள்ளைக் கரை மட்டும் தெரிந்தது.

மணி 6.52. நேரம் எப்படித் தெரியும் என்பீர்கள். என் கைக்கடிகாரத்தில் இருட்டில் முள் மினுக்கும். மாமனார் போட்டது. அவர் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம்.

"எண்ணு" என்றார் சார்.

"ஒண்ணு" என்றேன்.

"ரெண்டு." ஒச்சாயி. இருமல்.

"மூணு." சோலைமலை. இருமல்.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். சூசையின் குரலுக்காக நாக்கை மடித்தேன். வாயைத் திறப்பதற்குள்...

"நாலூ..."

இருமல் இல்லை.

என் கை தீப்பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டது. அஞ்சு வந்தது, ஆறு வந்தது. எண்ணிக்கை சரி. "வையி கருப்பணா" என்றார் சார்.

நான் வைக்கவில்லை.

அந்த நாலு, கோட்டிலிருந்து வரவில்லை. முன்னாலிருந்து வந்தது. ஓடைப்பள்ளத்துக்குள்ளிருந்து.

சூசை கோயிலுக்குப் போகாமல் பள்ளத்துக்குள் கிடக்கிறானா? குடித்துவிட்டா? அவன் குடிக்க மாட்டானே. அதைவிட இன்னொன்று உறைத்தது. அது சூசையின் குரலே இல்லை. அவ்வளவு இழுவை அவனிடம் கிடையாது. கடைசியில் மூக்கால் முடித்தது.

அது நான் சூசை மாதிரிப் பேசும் குரல்.

"வையிய்யா" என்றார் சார் மறுபடியும்.

சொல்லிவிட்டேன். சூசை நாலரைக்கே போய்விட்டான், வெள்ளிக்கிழமை நாலு சொல்வது நான்தான், இன்று நான் சொல்லவில்லை என்றேன். சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப இப்பச் சொன்னது யாரு?"

தீ மூங்கில் பிளப்பது போலப் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"பள்ளத்துல ஆள் கெடந்தா என்ன சார் பண்றது?" என்றேன்.

அவர் பின்னால் திரும்பி அந்தக் குடிசைகளைப் பார்த்தார். பிறகு முன்னால் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம். போயி இழுத்துட்டு வா. அதுக்கு மேல ஊரு தாங்காது."

6.57. டார்ச்சோடு பள்ளத்தில் இறங்கினேன். புல் மார்பு வரை இருந்தது. இப்படித் தீ வரும்போது முயல் ஓடும், ஓணான் ஓடும், கௌதாரி அலறும். அன்று பள்ளத்துக்குள் ஒன்றும் அசையவில்லை. எல்லாம் முன்பே ஓடிவிட்டன. எதற்குப் பயந்து என்றுதான் தெரியவில்லை.

"மாப்ள" என்றேன் மெல்ல.

"நாலூ..."

எனக்குப் பின்னால்.

திரும்பினேன். புல். டார்ச் வெளிச்சத்தில் புகை.

"மாப்ள, விளையாடாத."

"நாலூ..." இப்போது இடது பக்கம். கைக்கெட்டும் தூரம். புல் மடங்கவில்லை.

7.01.

பத்தடி தள்ளி ஒரு வெள்ளைச் சட்டை.

சூசை. கோயிலுக்குப் போடும் சட்டை. எனக்கு முதுகைக் காட்டி, கோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். தோளைத் தொட்டேன். அந்த வெக்கையில் என் தலைமயிர் சுருண்டுகொண்டிருந்தது. அவன் தோள் தண்ணீர்ப் பானை மாதிரி குளிர்ந்திருந்தது.

முகத்தில் டார்ச் அடித்தேன். கண் திறந்திருந்தது. பல் கிட்டியிருந்தது. உதடு ஒட்டியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். நட்ட கல் மாதிரி நின்றான்.

7.03.

மேலே, கோட்டிலிருந்து சாரின் குரல்.

"எண்ணு."

எதற்கு இப்போது எண்ணுகிறார்? நான் இங்கே இருக்கிறேனே...

"ஒண்ணு."

என் நம்பர்.

என் குரல்.

என் வாயைக் கையால் தொட்டுப் பார்த்தேன். மூடியிருந்தது.

"ரெண்டு." ஒச்சாயி. இருமல்.

"மூணு." இருமல்.

கத்த வேண்டும். நான் கீழே இருக்கிறேன் என்று கத்த வேண்டும். வாயைத் திறந்தேன்.

காற்றுதான் வந்தது.

"நாலூ..."

ஒண்ணு வந்த அதே இடத்திலிருந்து.

"அஞ்சு."

"ஆறு."

எண்ணிக்கை சரி.

தீக்குச்சி உரசும் சத்தம் அத்தனை தூரத்துக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது.

காதோரத்தில்.

சர்ர்ர்...

கோடு நெடுக வெளிச்சம் எழுந்தது. முன்னால் ஒரு தீ, பின்னால் ஒரு தீ. அந்த நொடியில் சூசை பெருமூச்சு விட்டு, துணி மாதிரி என் மேல் சரிந்தான். அவன் உடம்பு சுட்டது. தூக்கினேனா, இழுத்தேனா, தெரியாது. பள்ளத்தின் வடக்கு வளைவில் ஒரு வழுக்குப் பாறை உண்டு, புல் முளைக்காதது. அதில் போய் விழுந்தோம். என் சட்டையின் முதுகு போயிருந்தது. அவன் வலது காது ஓரம் பொசுங்கியிருந்தது.

7.09.

இரண்டு தீயும் எங்களுக்குத் தெற்கே முட்டிக்கொண்டு அணைந்தன. குடிசைகள் தப்பின.

மூச்சு வந்ததும் சூசை சொன்னான். சிலுவைப்பாதை தொடங்கும்போதே கோயில் வாசலிலிருந்து புகையைப் பார்த்திருக்கிறான். மனசு கேட்காமல், பாதியில் எழுந்து, எண்ணிக்கைக்குள் வந்துவிடலாம் என்று பள்ளத்தின் குறுக்கு வழியில் ஓடி வந்திருக்கிறான். மூணு கேட்டதும் நாலு சொல்ல வாயைத் திறந்திருக்கிறான்.

"அதுக்குள்ள எனக்குள்ளருந்து நீங்க சொன்னீங்க மாமா" என்றான். "அப்புறம் வாயும் காலும் என்னோடதா இல்ல."

சாலை வழியாகச் சுற்றி, 8.15க்கு சாரின் ஜீப் நின்ற இடத்துக்கு வந்தோம். எங்களைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒருவரும் பக்கத்தில் வரவில்லை.

சார்தான் கேட்டார், நான் எப்போது மறுபடி கீழே போனேன் என்று. நான் மேலே வரவே இல்லை என்றேன்.

"வந்தியேய்யா. போன ரெண்டு நிமிஷத்துல வந்து, பள்ளத்துல யாருமில்ல சார்னு சொன்னியே. ஒண்ணும் நீதான் சொன்ன, நாலும் நீதான் சொன்ன. பழக்க தோஷம்னு நெனச்சேன். தீய வச்சதும் நீதான்."

நான் டவுசர் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் காட்டினேன். புதுப் பெட்டி. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டுக்கூடக் கிழியவில்லை. சார் அதை வாங்கவில்லை. தொடவும் இல்லை.

அந்த இரவு நடந்ததில் ஒரு வரியும் அவர் குறிப்பில் எழுதவில்லை. மறுநாள் நானும் சூசையும் வேலையை விட்டு நின்றோம்.

ஜூன் மாதம் சகாயராணிக்குப் பெண் பிறந்தது, சுகமாக. லிடியா என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. சோலைமலை ஊரெல்லாம் சொல்லியிருந்தான், பள்ளத்துக்குள் ஆளை விட்டுவிட்டுத் தீ வைத்தது கருப்பணன்தான், நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று. சூசை மட்டும் ஓரிரு வருடம் சாலையில் பார்த்தால் நின்று பேசினான். பிறகு அவனும் யோசிக்க ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது. அவன் மேல் தப்பில்லை. ஐந்து பேர் பார்த்திருக்கிறார்கள். நான் இல்லை என்று சொல்ல எனக்கு இருப்பது என் வாய் ஒன்று. அந்த வாயின் லட்சணம் ஊருக்கே தெரியும்.

எட்டு வருடம் போனது. 2006ல், ஒரு நவம்பர் மாலை, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒச்சாயியைப் பார்த்தேன். மகன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை. நலம் விசாரித்தேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அண்ணே, நீங்க வைக்கல. எனக்குத் தெரியும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தீ எந்திரிச்ச வெளிச்சத்துல பள்ளம் பூரா தெரிஞ்சுச்சு. நீங்க சூசைய இழுத்துக்கிட்டு ஓடுறத நான் பாத்தேன். எம்பக்கத்துலயும் நீங்க நின்னுக்கிட்டு இருக்கீங்க. சார்ட்ட சொல்லலாம்னு வாயத் தொறந்தேன்."

"தொறந்து?"

"பக்கத்துல நின்ன நீங்க எம்பக்கம் திரும்புனீங்க. ஒதட்டு மேல வெரல வச்சீங்க. வச்சிட்டு... ஏங்குரல்ல 'ரெண்டு'ன்னீங்க."

குஜிலியம்பாறை பஸ் வந்து நின்றது. இருவருக்கும் அதுதான் பஸ். நான் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவளுக்கு இடம் போட்டேன்.

அவள் கீழேயே நின்றாள். பஸ் கிளம்பும்வரை, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு.