பாத்தாச்சு என்று எழுதிய மூடி

என் மேசைமேல் கைக்கடிகார முகப்பளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. செல் வளர்க்கும் தட்டின் மூடி. அதில் நீல மார்க்கரில் ‘பாத்தாச்சு’ என்று மராட்டி எழுத்தில் எழுதியிருக்கும். எழுதியவள் எங்கள் ஆய்வக டெக்னீஷியன். மராட்டி பேசும் கட்கிப் பகுதியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். தமிழ் பேச வரும், எழுத வராது. எந்தத் தட்டையும் மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பார்த்து, மூடியில் அந்தச் சொல்லை எழுதாமல் கொட்டமாட்டாள். கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்திருந்த எனக்கு அது வீண் சடங்காகப் பட்டது. கேலிகூடச் செய்திருக்கிறேன்.

அப்போது நான் சுண்டெலிக் கருவின் மூளையிலிருந்து எடுத்த நரம்புத் தண்டுச் செல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூளை உருவாகும்போது இவைதான் முதலில் தம்மைப் போலவே பெருகி, பிறகு நரம்புச் செல்களாக மாறுகின்றன. பெருகத் தூண்டும் புரதத்தை நிறுத்தினால் மாறும் என்பது தெரிந்த சங்கதிதான். செத்துவிடுமோ என்று பயந்து நான் சொட்டுச் சொட்டாகக் குறைத்தேன்; அவை உருண்டை உருண்டையாக மிதந்து பெருகிக்கொண்டே இருந்தன. மாறாத தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழித்ததில் கடைசியில் ஒரே ஒரு தட்டு மிஞ்சியது. அதுவும் போனால் என் முனைவர் பட்டம் அந்தரத்தில் தொங்கும்.

கணபதி விசர்ஜன நாள். பிள்ளையார் ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைக்குமுன் வீடு போய்ச் சேர வேண்டுமென்று, ஒரு வாரத்துக்கான ஊட்டக் கரைசலை அவசரமாகக் கலந்தபோது புரதத்தைச் சேர்க்க அடியோடு மறந்துவிட்டேன். வாரம் முடிந்து பாட்டில் காலியான பிறகுதான் உறைத்தது. தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மிதந்த உருண்டைகளைக் காணவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, “கொட்டிடு” என்று அவளிடம் நீட்டினேன். அவள் வழக்கம்போல மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

“செத்ததுன்னா இப்டி கை நீட்டுமா அக்கா? ஏக் மினிட், வந்து பாருங்க.”

செல்கள் தட்டின் அடியில் ஒட்டி, மெல்லிய இழைகளை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. சாயமிட்டுப் பார்த்தோம்; நரம்புச் செல்களேதான். அன்று அவள் எழுதிய மூடிதான் இன்றும் என் மேசைமேல் இருப்பது. இதைப் பற்றிய கட்டுரையில் அவள் பெயரும் வரவேண்டும் என்று நான் பிடித்த பிடியை விடவில்லை. ஆலைத் தொழிலாளியான அவள் அப்பா, மகள் பெயர் அச்சான பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

இப்போது அவள் வேறொரு நிறுவனத்தில் செல் வளர்ப்புப் பிரிவுக்கே தலைவி. சென்ற வாரம் என் ஆய்வகத்துக்கு வந்தவள், கழிவுக்கூடையில் கிடந்த மூடிகளைக் குனிந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். எல்லாவற்றிலும் அதே மராட்டி எழுத்தில் ‘பாத்தாச்சு’. எழுதியவர்கள் தமிழே தெரியாத என் மாணவர்கள்.

“என்னைவிட நல்லா எழுதறாங்களே அக்கா” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேசைமேல் இருந்த பழைய மூடியை எடுத்து மாணவர்களிடம் காட்டி, இதை எழுதியவர் இவர்தான் என்று இந்தியில் சொன்னேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.