ஜெயகௌரி சொன்ன ஆற்று வழி

என் மனைவி ஜெயகௌரியைச் சுவிஸின் பாடன் நகரில் தெரியாத தமிழர் இல்லை. முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருட வேலை, ஊரெல்லாம் கேட்கிற சிரிப்பு, யாருக்கும் அடங்காத வாய். அந்த வாய்தான் எங்கள் சுவிஸ் குடியுரிமையைக் கெடுக்கப்போகிறது என்று நான் நடுங்கினேன். அகதிகளுக்கான பயணப் பத்திரத்தில் இலங்கைக்குப் போக முடியாது. அங்கே அவளுடைய அக்கா தில்லைநாயகிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. சுவிஸ் பாஸ்போட் வந்தால்தான் அக்காவைப் பார்க்கலாம்.

"சண்டையைப் பற்றி மூச்சும் விடாதையும்" என்று குடியுரிமை நேர்முகத்துக்குப் போகும் வழியெல்லாம் சொன்னேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வது அதுதான். வாய் திறந்தால் இயக்கத்தில் சேர்ந்து சண்டை பிடித்தவர்களோ என்று கேட்பார்கள்.

"ஓம், ஓம். ஆயிரம் தரம் சொல்லிப்போட்டியள்."

நகரசபையில் மூன்று பேர் இருந்தார்கள், நடுவில் தலைவியம்மா. ஊர் நடுவே ஓடும் லிம்மாற் ஆறு ஏன் முக்கியம் என்று கேட்டார்கள். நீளம், மின்சாரம் என்று நான் பாடமாக்கியதை ஒப்புவித்தேன். மீசைக்காரர் ஒருவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், வெளுத்து வாங்கியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"வடக்கால வாற எதிரியை மறிக்கிறது இந்த ஆறுதான். ஆனா பாலத்தை மட்டும் காத்தாக் காணாது. ஆறு வளையிற இடத்தில உள்கரையில மண் சேரும், ஆழம் குறைவு. அங்கதான் இறங்குவாங்கள். நான் எண்டா அங்க காவல் போடுவன்!"

ஐயோ! மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன்.

"காலை எடுங்கோ, புதுச் சப்பாத்து!" என்றாள் தமிழில்.

மீசைக்காரர் துள்ளி எழுந்தார். இரண்டாம் உலகப் போரில் அவருடைய தகப்பன் அப்படியொரு வளைவில்தான் காவல் இருந்தாராம்! சுவரிலிருந்த வரைபடத்தில் இருவரும் விரல் வைத்து வாதாடினார்கள். தலைவியம்மா பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"எங்கட விடுதலைப் போரில ஊர் ஆறுதான் எல்லை. ஒரு கரையில ஆமி, மற்றக் கரையில இயக்கம். ஆஸ்பத்திரி ஆமிப்பக்கம். பிள்ளைத்தாச்சியளை விடியப்புறத்தில ஆத்துக்குள்ளால நடத்திக் கூட்டிக்கொண்டு போனது நான். அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு."

"துவக்குத் தூக்கினீர்களா?" என்றார் தலைவியம்மா.

"ரெண்டு கையாலயும் அவையை எல்லோ பிடிச்சிருந்தன், துவக்கை எதால தூக்கிறது?" அவள் விரல் வரைபடத்தின் வளைவிலேயே நின்றது. "பதினோராவது ஆள் என்ர அக்கா. நடு ஆத்தில வெடி கேட்டுது. அவவை ஆஸ்பத்திரிக் கரையில ஏத்திவிட்டிட்டு எங்கட கரைக்குத் திரும்பி ஓடினன். முப்பது வருசமா அவவை நேரில காணேல்லை."

தலைவியம்மா பேனையை மறுபடி எடுத்து எழுதத் தொடங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு காலம் நானும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

பாஸ்போட் வந்த அன்று வீடே அதிர்ந்தது. அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அக்காவுக்குப் போன் எடுத்துக் கத்தினாள்.

"அக்கா, பிளேன் ரிக்கற் போட்டாச்சு! இப்ப அங்க பாலம் இருக்காமே? நீ கரையிலயே நில். இந்தமுறை நான் திரும்பி ஓடமாட்டன்."