மூன்று மணிக்கு மோட்டார் கொட்டகையில்

ஊரடங்கு போட்டதும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சென்னையிலிருந்து பூதலூர்ப் பக்கமுள்ள எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். நான் காதலித்தவன் பட்டுக்கோட்டையில் தன் வீட்டில் மாட்டிக்கொண்டான். மூன்று வருடமாக, இரண்டு வீட்டுக்கும் தெரியாமல். அங்கே அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவனுக்குத் தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. ஒருநாள் சொன்னான்: "நீ பேசுற அரைமணி நேரத்துக்காகத்தான்டா மிச்சத்தத் தள்ளுறேன். நீ ஒருநாள் கூப்பிடலன்னா என்ன பண்ணிக்குவேன்னு எனக்கே தெரியல."

அன்றிலிருந்து தினமும் மூன்று மணி. தவறவே கூடாது.

எங்கள் வீட்டில் என்ன பேசினாலும் அடுப்படிவரை கேட்கும். அதனால் வயலிலிருக்கும் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். குறுவைக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் சத்தத்தில் எதையும் பேசலாம், அழலாம்.

அந்தக் கொட்டகையை வைத்துத்தான் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தகராறு. கூட்டுப் பட்டா, நடுவில் ஒரே போர்வெல். யாரும் வக்கீலிடம் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்வது என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அது எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது வாசலை மறித்துக்கொண்டு பெரியப்பா நின்றார். முகக்கவசம் தாடையில் தொங்கியது.

"ஊரே கொரோனாவுக்குப் பயந்து கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்கு. தொரைக்கு மட்டும் மூணு மணியானா டாண்ணு இங்க என்ன வேல? வீடியோ எடுத்து யாருக்கு அனுப்புற?"

"ஆபீஸ் கால் பெரியப்பா."

"ஆபீஸ்ல பேசுறவன் எதுக்குடா அழுவுற? குடு போன."

திரையில் அவன் முகம். இன்னும் இணைப்பில்தான் இருந்தான். கொடுத்தால் அவன் கதை அன்றோடு முடிந்தது.

"வக்கீல்" என்றேன்.

நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். எதிர்பார்த்த பதில் கிடைத்த முகம்.

"அப்பனும் மவனும் நல்லாத்தான்டா நடிக்கிறீங்க."

பொழுது சாய்வதற்குள் கொட்டகையில் புதுப் பூட்டு தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் மூன்று மணிக்குக் கூடத்தில் அப்பா என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எந்த வக்கீல்டா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஐந்து.

"வக்கீல் இல்லப்பா. பட்டுக்கோட்டையில எனக்கு ஒருத்தன் இருக்கான். இப்ப நான் பேசலன்னா செத்துருவான்."

"ஒருத்தன்னா?"

அவனை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். அப்பா எழுந்திருக்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் முறை எடுத்தான்.

"ஏண்டா லேட்டு?"

அப்பா எதிரிலேயே இருந்தார். நான் பேச ஆரம்பித்தேன்.