பெரும்பாக்கத்துக் கோப்பு

குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கம்பெனியில் ரத்தினபாய்க்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். வேலையைச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். தென்சென்னைப் புறநகரெங்கும் இருபத்தாறு சிறு லேப்கள். முந்தின நாள் முடிவுகளை ஒவ்வொன்றும் காலையில் எக்செல் கோப்பாக மெயில் செய்யும். அவற்றை இறக்கி, பிழை பார்த்து, டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் ரிப்போர்ட் அச்சாகும். இதற்குள் ஆயிரம் கூத்து. கோவளத்துக்காரர்கள் வயதைக் கொண்டுபோய் முகவரியில் போடுவார்கள். அஸ்தினாபுரம் லேப் பழைய கோப்பையே தேதி மாற்றி அனுப்பிவிட்டுச் சாதிக்கும். எல்லாம் ரத்தினபாய்க்கு அத்துப்படி.

இனி இது தானாக நடக்கும், மென்பொருள் வருகிறது என்றார் மேனேஜர் தயாளன். அதை எழுத வந்தவர் ஹரிபிரசாத்.

"அக்கா, எந்த ஃபைல்ல என்ன திருத்துறீங்கன்னு ஒண்ணு விடாம எழுதிக் குடுத்துடுங்க."

ரத்தினபாய் நேரே தயாளனிடம் போய்க் கேட்டாள். "அப்புறம் எனக்கு என்ன சார் வேலை?"

"உங்கள விட்டுடுவோமா சிஸ்டர்? கர்த்தர் பார்த்துப்பார்."

கர்த்தர் பார்த்துக்கொள்வார், சரி. தயாளன் பார்த்துக்கொள்வாரா என்பதல்லவா கேள்வி? புருஷன் இல்லை. மகள் ஜெரூஷா இன்னும் காலேஜ் முடிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினாள். எல்லாவற்றையும் எழுதினாள், ஒன்றைத் தவிர. பெரும்பாக்கம் குடியிருப்பில் போன் இல்லாதவர்களுக்கு லேப்பில் இருக்கும் ஜெயஸ்ரீ தன் நம்பரையே போட்டுவிடுவாள். ஒரே நம்பர் என்றால் ஒரே ஆள் என்றுதான் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். ரத்தினபாய் பிளாக்கையும் கதவு எண்ணையும் பார்த்து ஆட்களைப் பிரிப்பாள். அதை மட்டும் எழுதவில்லை. மறதி ஒன்றும் இல்லை, வேண்டுமென்றேதான். முதல் நாளே குழப்பம் வரும், அக்கா அக்கா என்று ஓடி வருவார்கள், அவள் இல்லாமல் ஆகாது என்று தெரிந்துபோகும். இதுதான் அவள் போட்ட கணக்கு.

குழப்பம் வரவில்லை, அதுதான் கொடுமை. மென்பொருள் ஒரு முனகல் இல்லாமல் எல்லாவற்றையும் ஏற்றியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் ஜெயஸ்ரீ போன் செய்தாள்.

"அக்கா, எங்க பிளாக் கிளியம்மா இருக்கில்ல, அதுக்கு சுகர் நார்மல்னு ரிப்போர்ட் வந்துச்சு. சந்தோஷத்துல மாத்திரைய நிறுத்திடுச்சு. இப்போ மயங்கி விழுந்து ஆஸ்பத்திரில கீது. அது வேற யாரோட ரிசல்ட்டோக்கா!"

ரத்தினபாய் ஹரிபிரசாத்திடம் ஓடி, எழுதாமல் விட்டதைச் சொன்னாள்.

"ஐயோ, இத மறந்துட்டீங்களாக்கா?"

"ஆமா சார். மறந்துட்டேன்."

அவர் பத்தே நிமிடத்தில் அதைச் சேர்த்துவிட்டார். தன் பிழைப்புக்கு வேலி என்று அவள் கட்டிக் காத்தது பத்து நிமிட வேலை. அதற்காக ஒரு பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

மாதக் கடைசியில் தயாளன் ஜெபம் பண்ணி, சால்வை போட்டு, வாசல் வரை வந்து வழியனுப்பினார். பத்தொன்பது வருடத்தில் ஒரு தப்பு வராமல் பார்த்துக்கொண்டவர் என்று பேசினார். அவள் தலை நிமிரவே இல்லை.

மறுநாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பெரும்பாக்கம் போனாள். கிளியம்மாள் வீடு திரும்பியிருந்தாள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனாள். ஆனால் கிளியம்மாள் அவளைப் பேச விடவில்லை.

"உக்காரும்மா. மிஷினு தப்பா போட்ச்சாமே? அதுக்கு இன்னா தெரியும், நம்ம பேரா, வூடா? நீ பார்த்துகினு இருந்த வரைக்கும் ஒரு பேஜாரும் இல்லன்னு ஜெயஸ்ரீ சொல்லிச்சு. உன்னிய போய் வேலைய வுட்டு தூக்கினானுங்களே, உருப்படுவானுங்களா?"

கிளியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரத்தினபாய் வாயைத் திறந்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "மெஷின்தான்."