நுரை பார்த்து வாங்கிய அம்மா

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் சேலையூரில் நிற்கும் மூன்று மாடி வீடு என் சொந்தச் சம்பாத்தியம். அதனால் உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக மாற்றும் மெஷின் வாங்கத் தாம்பரம் கடைக்குப் போனதும், "இருக்கறதுலயே பெருசா எடுப்பா" என்றேன். எதையும் பெரிதாகச் செய்துதான் எனக்குப் பழக்கம்.

பக்கத்தில் ஒல்லியாக ஓர் அம்மா. கூடையில் ஒரு கேன் நிறைய வீட்டு போர்வெல் தண்ணீரும் சோப்புத் துண்டும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு மெஷினிலும் அந்தத் தண்ணீரை விடச் சொல்லி, வெளியே வந்ததில் சோப்பு போட்டு நுரை பார்த்தார்.

"இன்னாம்மா, கடையிலயே குளிச்சுடுவ போலகீதே?" என்றேன்.

"முடி கொட்டுதுன்னு மருமக அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்டாண்ணா. தண்ணி மாறுனாத்தான் வருவாளாம்." என் வழுக்கையை ஒரு பார்வை பார்த்தார். "உங்க வூட்லயும் உப்புத் தண்ணிதானா?"

என்னை அப்படிக் கேட்ட ஆள் அதுவரை கிடையாது. கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் ஒரு சின்ன மெஷினில் நுரை பொங்கியது. குளியலறைக்கு அது போதும் என்று வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

நான் பெரியதையே வாங்கினேன். இப்போது எங்கள் வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் நல்ல நுரை. இல்லாத முடிக்குச் சோப்பு போடும்போதெல்லாம், அந்த மருமகள் வந்துவிட்டாளா என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.