காற்று மிச்சம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த மனுஷன் என்று மனைவி சொல்வாள். அப்படிப்பட்டவர் மதியச் சாப்பாட்டு வேளையானால் மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார். எல்லாம் போன் விளையாட்டில் ஒரு விண்கலம் ஓட்டுவதற்காக.

ஓட்டை உடைசல் கலம் அது. இருக்கிற காற்று பாதி வழிக்குக்கூடக் காணாது. யாராவது செத்தால் கலத்தின் கம்ப்யூட்டர் துக்கம் விசாரிக்காது. காற்று எவ்வளவு மிச்சம் என்று சொல்லி, உயிரோடு இருப்பவருக்கு வாழ்த்துச் சொல்லும். பிணத்தை உரமாகப் போட்டுத் தக்காளி வளர்க்கலாம். இந்தக் கண்றாவியை அவர் போனில் ஏற்றிச் சொல்லிக்கொடுத்தவள் மகள்தான். இருவரும் சோபாவில் சாய்ந்துகொண்டு, அவரவர் போனில் மாறி மாறிச் செத்து, வயிறு வலிக்கச் சிரித்த காலம் ஒன்று உண்டு.

பிறகு அவள் நல்ல வங்கி வேலையை உதறிவிட்டு, வேற்றூரில் சிநேகிதியோடு சேர்ந்து நாய்களுக்கு முடிவெட்டும் கடை போடப் போவதாகச் சொன்னாள். இவர் வாய் சும்மா இருக்குமா? "போனா போனதுதான். திரும்பி இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார். அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். பெட்டியைத் தூக்கினாள். அன்றோடு பேச்சு நின்றது.

ஒருநாள் மதியம் மனசு நிலைகொள்ளாமல் அந்த விளையாட்டைத் திறந்தார். கலத்தின் சமையலறையில் மகளுடைய மஞ்சள் சட்டைப் பொம்மை நின்றுகொண்டிருந்தது. அவளும் வெளியேறவில்லை, இவரும் வெளியேறவில்லை. மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு இருவருமாக ஓட்டையை அடைத்தார்கள். அதன் பிறகு தினமும் இதே கூத்து, ஊமையும் ஊமையும் குடித்தனம் நடத்துகிற மாதிரி. மைக் பொத்தான் மேல் விரலை வைப்பார், எடுப்பார். என்ன சொல்லி ஆரம்பிப்பது? மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. இப்படியே விட்டால் ஒருநாள் அவள் வராமலே போய்விடுவாள் என்ற பயமும் இருந்தது.

அன்றைக்குக் கலத்தின் இரண்டு கதவுகளுக்கு நடுவே மஞ்சள் சட்டை சிக்கிக்கொண்டது. வெளியிலிருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் கதவு திறந்துவிடும். அதுவரை தாங்கும் காற்றும் உள்ளே இருந்தது. ஆனால் லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டால் இவர் எடுத்த எடுப்பில் இயந்திரத்தைத் தொடமாட்டார். உள்ளே இருப்பவர் பயத்தில் கதவை இழுத்துவிடக் கூடாதே என்று முதலில் பேச்சுக் கொடுப்பார். ஆயுசு முழுக்க அப்படிப் பழகியவர். யோசிக்கவேயில்லை, விரல் தானாகப் போய் மைக்கை அமுக்கிவிட்டது.

"பயப்படாத, நான் வந்துட்டேன். கதவ இழுக்காத. சாப்ட்டியா?"

சொன்ன பிறகுதான் யாரிடம் பேசினோம் என்று உறைத்தது. கைப்பிடி என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. மஞ்சள் சட்டை உள்ளே காற்றுத் தீர்ந்து இரண்டு தடவை துள்ளிவிட்டு மல்லாந்தது. வாழ்த்துகள், காற்று மிச்சம், இனித் தக்காளி போடலாம் என்றது கம்ப்யூட்டர்.

கெட்டது குடி என்று தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை மாதம் கழித்துப் பெற்ற மகளிடம் வாயைத் திறந்து, அந்த வாயாலேயே அவளைக் கொன்றாயிற்று. மோட்டாருக்கும் கதவுக்குமாக நடந்தார். போனை அணைக்க மனமில்லை, பார்க்கத் துணிவில்லை. அந்த விளையாட்டில் செத்தவர்கள் எதையும் தொட முடியாது, பேசலாம். அவள் பேசினால் என்ன பேசுவாள்?

"இன்னும் இல்லப்பா" என்றாள் மகள். "சாப்பாட்டு நேரத்துலதானே நீங்க வர்றீங்க."